7. இல்லாத மானிட்டரின் அளவு

மெய்நிகர் கணினியில் உபுண்டுவையோ டெபியனையோ முதல்முறை நிறுவுகிறவர்களில் பலருக்கு வாய்க்கும் காட்சி இது. வெளியே 1920×1080 திரை. உள்ளே, நடுவில், 800×600 அளவில் ஒரு டெஸ்க்டாப், சுற்றிலும் கறுப்பு. ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கினால் கறுப்புதான் பெரிதாகிறது. டிஸ்ப்ளே அமைப்பைத் திறந்தால் பட்டியலில் இரண்டு மூன்று அளவுகள் இருக்கும், நமக்கு வேண்டியதைத் தவிர. இணையத்தில் தேடினால் டெர்மினலில் ஒட்டச் சொல்லி நாலைந்து வரிகள் கிடைக்கும். அவை சிலருக்குப் பலிக்கும், சிலருக்குப் பலிக்காது, சிலருக்குக் கணினியை மறுபடி தொடங்கும்வரை மட்டும் பலிக்கும்.

அந்த வரிகளை இந்த அத்தியாயத்தின் பிற்பகுதிக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். கோளாறு எந்த இடத்தில் என்று தெரிந்துகொண்டால் பெரும்பாலும் அவற்றுக்குத் தேவையே வராது. இனி, வெளியே இருக்கும் உண்மையான கணினியை ஹோஸ்ட் என்றும் உள்ளே ஓடுவதை கெஸ்ட் என்றும் சொல்கிறேன். மென்பொருள்களின் மெனுக்களிலும் இந்தச் சொற்கள்தான் இருக்கின்றன.

நான்கு பேர் ஒத்துழைக்க வேண்டும்

நிஜக் கணினியில் இந்தச் சிக்கல் அதிகம் எழுவதில்லை. மானிட்டருக்குள் ஒரு சிறு நினைவகச் சில்லு இருக்கிறது. தன்னால் எந்தெந்த அளவுகளில் காட்ட முடியும், தனக்கு மிக உகந்தது எது என்பதையெல்லாம் அது கேபிள் வழியே கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்லிவிடும். ஈடிஐடி என்று அந்தத் தகவலுக்குப் பெயர். இயங்குதளம் அதைப் படித்து உகந்த அளவைப் போட்டுக்கொள்ளும்.

மெய்நிகர் கணினிக்கு மானிட்டர் கிடையாது. இருப்பது ஹோஸ்டின் திரையில் ஒரு ஜன்னல். அதன் அளவும் நாம் இழுக்க இழுக்க மாறுகிறது. வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள் ஒரு பொய்க் கிராபிக்ஸ் கார்டை கெஸ்டுக்குக் காட்டுகிறது. அந்தக் கார்டுக்கு ஏற்ற டிரைவர் கெஸ்டின் கர்னலில் இருக்க வேண்டும். ஜன்னலின் அளவு மாறியதும் அந்தச் செய்தியை உள்ளே சேர்ப்பிக்க ஒரு தூதர் வேண்டும். கெஸ்ட் அடிஷன்ஸ், ஸ்பைஸ் ஏஜென்ட், ஓப்பன் விஎம் டூல்ஸ் என்று மென்பொருளுக்கு மென்பொருள் தூதரின் பெயர் மாறும். கடைசியாக, செய்தி வந்து சேர்ந்ததும் க்னோமோ கேடிஈயோ எக்ஸ்எஃப்சிஈயோ அதை மதித்துத் திரையை மறுபடி வரைய வேண்டும்.

டிரைவர் இல்லையென்றால் கெஸ்ட் பழைய பொது ஏற்பாட்டுக்கு இறங்கிவிடும். 1987-இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த விஜிஏவின் 640×480, அதன் பிறகு வெசா அமைப்பு தரப்படுத்திய 800×600, 1024×768 ஆகியவை அந்த ஏற்பாட்டில் இருப்பவை. எந்தக் கார்டாக இருந்தாலும் இவை ஓடும் என்ற நம்பிக்கையில்தான் கெஸ்ட் இவற்றைப் பிடித்துக்கொள்கிறது.

எனவே எதையும் நிறுவுவதற்கு முன் ஜன்னலின் மூலையைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். உள்ளிருக்கும் எழுத்துகள் ரப்பர் போல நீண்டு மங்கலானால் அது ரெசல்யூஷன் கோளாறே அல்ல. படத்தை நீட்டிக் காட்டும் ஸ்கேலிங் இயங்குகிறது, அவ்வளவுதான். அதை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். படம் அசையாமல் நின்று சுற்றிலும் கறுப்பு மட்டும் கூடினால், கெஸ்டின் டிஸ்ப்ளே அமைப்பில் எத்தனை அளவுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். இரண்டு மூன்றுதான் என்றால் டிரைவர் இல்லை. பத்துப் பதினைந்து இருக்கிறது, கையால் தேர்ந்தெடுத்தால் மாறுகிறது, தானாக மட்டும் மாறவில்லை என்றால் டிரைவர் நலமாக இருக்கிறது. தூதரையோ டெஸ்க்டாப்பையோ கவனிக்க வேண்டும். பின்வரும் பக்கங்களில் உங்களுக்கு எந்தப் பகுதி வேண்டும் என்பதை இந்த ஒரு சோதனையே சொல்லிவிடும்.

நிறுவும்போதே பொத்தான் மறைந்தால்

சில இன்ஸ்டாலர்களின் ஜன்னல் 800×600-ஐவிட உயரமானது. ‘அடுத்து’ என்ற பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். தூதரை நிறுவலாம் என்றால் இயங்குதளமே இன்னும் ஏறவில்லை. க்னோமில் சூப்பர் விசையை, அதாவது விண்டோஸ் சின்னம் போட்ட விசையை, அழுத்திக்கொண்டு ஜன்னலின் எந்த இடத்தையும் மவுஸால் பிடித்து மேலே இழுக்கலாம். எக்ஸ்எஃப்சிஈயிலும் வேறு பல டெஸ்க்டாப்களிலும் ஆல்ட் விசை அந்த வேலையைச் செய்யும். ஹோஸ்ட் அந்த விசையைத் தனக்கு எடுத்துக்கொண்டால், டேப் விசையால் பொத்தான்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்து, ஊகித்து, என்டர் அடிக்கலாம். இது கடைசி வழி. தவறான பொத்தானில் விழுந்தால் வட்டைப் பிரிக்கும் பக்கத்தில் வம்பாகிவிடும். மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு, அடுத்த பகுதியில் சொல்வது போலக் கிராபிக்ஸ் கார்டை மாற்றி இன்ஸ்டாலரை மீண்டும் தொடங்குவதே நிம்மதி.

வர்ச்சுவல்பாக்ஸ்

ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் உருவாக்கியது. 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸிடமும் 2010-இல் சன்னோடு சேர்ந்து ஆரக்கிளிடமும் போனது. கைமாறிய வரலாறு நமக்கு எதற்கு என்றால், பழைய பதிப்புக் காலத்து அறிவுரைகள் இன்னும் புழங்குகின்றன, அவற்றில் பாதி இன்று தவறு.

முதலில் பார்க்க வேண்டியது செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதியிலுள்ள கிராபிக்ஸ் கண்ட்ரோலர். விபாக்ஸ்விஜிஏ, விஎம்எஸ்விஜிஏ, விபாக்ஸ்எஸ்விஜிஏ என மூன்று தேர்வுகள் இருக்கும். பெயர்கள் குழப்பினாலும் விதி எளிது: லினக்ஸ் கெஸ்ட் என்றால் விஎம்எஸ்விஜிஏ, விண்டோஸ் என்றால் விபாக்ஸ்எஸ்விஜிஏ. விபாக்ஸ்விஜிஏ பழைய கெஸ்டுகளுக்காக மட்டும் வைத்திருப்பது. 2018 டிசம்பரில் வந்த 6.0 பதிப்பிலிருந்து புதிய லினக்ஸ் கெஸ்டுகளுக்கு விஎம்எஸ்விஜிஏ தானாகவே அமைகிறது. ஆனால் 5-ஆம் பதிப்பில் உருவாக்கி இன்றுவரை கொண்டுவந்த மெய்நிகர் கணினிகளிலும், உருவாக்கும்போது வகையை ‘அதர்’ என்று விட்டுவிட்டவற்றிலும் பழைய கார்டே இருக்கும். மாற்றுவதற்கு முன் கெஸ்டை முழுமையாக அணைக்க வேண்டும். நிலையைச் சேமித்து நிறுத்தியிருந்தால் அந்தத் தேர்வு மங்கலாகி, தொட விடாது.

விஎம்எஸ்விஜிஏ என்பது போட்டி நிறுவனமான விஎம்வேரின் மெய்நிகர் கார்டைப் பாவனை செய்வது. அதற்கான டிரைவரை விஎம்வேர்க்காரர்களே எழுதி லினக்ஸ் கர்னலில் சேர்த்துவிட்டதால் ஏறக்குறைய எல்லா வெளியீடுகளிலும் அது தயாராக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கார்டைப் போட்டதுமே, வேறு எதுவும் நிறுவாமல், டிஸ்ப்ளே பட்டியல் நீள்கிறது. ஜன்னலோடு சேர்ந்து தானாக மாறுவது மட்டும்தான் பாக்கி. நிலையான ஓர் அளவே போதும் என்பவர்கள் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அதே பக்கத்தில் வீடியோ மெமரி என்று ஒரு நகர்த்தி இருக்கும். ‘அதை 128 எம்பிக்குத் தள்ளு, எல்லாம் சரியாகும்’ என்ற அறிவுரையை எங்கும் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு புள்ளிக்கு 4 பைட். 1920×1080 திரைக்கு 82,94,400 பைட், அதாவது சுமார் 8 எம்பி. 16 எம்பி இருந்தாலே ஒரு திரைக்கு இடம் இருக்கிறது. 3840×2160 என்றால் 3,31,77,600 பைட் வேண்டும். அங்கே 16 போதாது. இரண்டாவது மெய்நிகர் திரை சேர்த்தாலும், முப்பரிமாண முடுக்கத்தை இயக்கினாலும் கூடுதலாகத் தேவைப்படும். ஆகவே 128 வைப்பதில் தப்பில்லை, ஆனால் டிரைவர் இல்லாமல் 800×600-இல் நிற்கும் கெஸ்டை அது அசைக்காது.

அடுத்தது தூதர், கெஸ்ட் அடிஷன்ஸ். இரண்டு வழிகளில் இதை நிறுவலாம். கெஸ்டின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து தொகுப்பாக எடுப்பது ஒன்று. டிவைசஸ் மெனுவிலுள்ள ‘இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ்’ வழியாக வரும் பொய்ச் சிடியிலிருந்து ஓட்டுவது மற்றொன்று. களஞ்சியத்தில் இருந்தால் அதையே எடுங்கள் என்பேன். கர்னல் புதுப்பிக்கப்படும்போது அதோடு சேர்ந்து அதுவும் பார்த்துக்கொள்ளப்படும். உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் மூன்றிலும் தொகுப்பு இருக்கிறது. டெபியனில்தான் சங்கடம். 2017-இல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்து நிலையான வெளியீட்டின் முதன்மைக் களஞ்சியத்தில் வர்ச்சுவல்பாக்ஸ் சார்ந்த தொகுப்புகள் இடம்பெறவில்லை. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை ஓட்டுகிறவர்களும் டெபியனுக்குச் சொல்வதையே பின்பற்றலாம்: அவர்களுக்குச் சிடி வழிதான்.

சிடி வழியில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில். அடிஷன்ஸ் தன் கர்னல் கூறுகளை உங்கள் கணினியிலேயே தொகுத்துக்கொள்கிறது. அதற்கு ஜிசிசி, மேக் ஆகிய கருவிகளும், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலுக்கே உரிய ஹெடர் கோப்புகளும் முன்கூட்டியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுவல் முடிந்தது போலத்தான் தெரியும், ஆனால் ஒன்றும் மாறாது. முதலில் கெஸ்டை முழுதாகப் புதுப்பித்து, மறுதொடக்கம் செய்து, பிறகு பில்ட்-எசென்ஷியல் தொகுப்பையும் ஹெடர்களையும் போட்டு, அதன் பின்பே சிடியிலுள்ள நிறுவியை ரூட் உரிமையோடு ஓட்டுங்கள். வரிசை முக்கியம். புதுப்பித்துவிட்டு மறுதொடக்கம் செய்யாமல் ஹெடர்களைப் போட்டால் ஓடுவது பழைய கர்னல், ஹெடர்கள் புதியவை என்றாகிவிடும். எங்கே தவறியது என்று தெரிய வேண்டுமானால் லாக் அடைவில் விபாக்ஸ்ஆட்-செட்டப் என்ற பெயரில் ஒரு பதிவேடு இருக்கும். அதன் கடைசிப் பத்து வரிகள் போதும். நேற்றுவரை நன்றாக இருந்து, கர்னல் புதுப்பித்த மறுநாள் திரை சுருங்கியது என்றால் காரணம் இதுவே. நிறுவியை மறுபடி ஓட்டினால் சரியாகும்.

இன்னொரு தடை செக்யூர் பூட். வர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் கெஸ்டுக்குள்ளும் அதை இயக்க முடிகிறது. இயக்கியிருந்தால், கையொப்பம் இல்லாத அடிஷன்ஸ் கூறுகளைக் கர்னல் ஏற்காது. பரிசோதனைக்காக வைத்திருக்கும் மெய்நிகர் கணினியில் செக்யூர் பூட்டால் கிடைக்கும் லாபம் சொற்பம், அணைத்துவிடலாம்.

எல்லாம் முடிந்ததா என்று பார்க்க வியூ மெனுவைத் திறங்கள். ‘ஆட்டோ-ரீசைஸ் கெஸ்ட் டிஸ்ப்ளே’ என்ற வரி மங்கலாக இருந்தால் தூதர் இன்னும் பேசவில்லை. தெளிவாக இருந்து, குறியும் இட்டிருந்து, அப்போதும் மாறவில்லையென்றால் முப்பரிமாண முடுக்கத்தை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். கறுப்புத் திரை, மினுக்கல், பாதி வரைந்த ஜன்னல்கள் ஆகியவற்றுக்கும் முதல் சந்தேகம் அந்த முடுக்கத்தின் மீதே விழ வேண்டும்.

வலது கன்ட்ரோலோடு சி எழுத்தை அறியாமல் அழுத்திவிட்டால் ஸ்கேல்டு மோட் வந்து, மெனு பட்டை மறைந்து, படம் மங்கிவிடும். பதறி எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவியவர்கள் உண்டு. அதே இரண்டு விசைகளை மீண்டும் அழுத்தினால் போதும்.

கியூஇமுவும் கேவிஎம்மும்

லினக்ஸ் ஹோஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். கேவிஎம் 2007-இல் வந்த 2.6.20 பதிப்பிலிருந்து லினக்ஸ் கர்னலின் பகுதியாகவே இருக்கிறது. தனியாக எதையும் தொகுக்க வேண்டியதில்லை. இவற்றின் முகப்பாக க்னோம் பாக்சஸைப் பயன்படுத்தினால் அளவு மாறுவது பெரும்பாலும் தானே நடக்கும். விர்ட்-மேனேஜரில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். வீடியோ என்ற வன்பொருள் வரியில் மாடலாக விர்ட்டியோ இருக்கட்டும். பிறகு வியூ மெனுவில் ஸ்கேல் டிஸ்ப்ளே என்பதன் கீழ் ‘ஆட்டோ ரீசைஸ் விஎம் வித் விண்டோ’ என்பதைக் குறியிடுங்கள். கெஸ்டுக்குள் ஸ்பைஸ்-விடிஏஜென்ட் தொகுப்பு வேண்டும்; பல வெளியீடுகள் டெஸ்க்டாப்போடு அதை முன்பே வைத்துவிடுகின்றன.

க்யூஎக்ஸ்எல் என்ற பழைய மாடலை வைத்திருப்பவர்கள் 4கே திரையில் ஒரு சுவரில் முட்டுவார்கள். அதற்கு வழக்கமாக ஒதுக்கப்படும் விஜிஏ நினைவகம் 16 எம்பி, அதாவது 1,67,77,216 பைட். 2560×1600 திரைக்கு 1,63,84,000 பைட் வேண்டும், மயிரிழையில் நுழைந்துவிடும். அதற்கு மேல் போனால் நுழையாது, பட்டியலிலும் வராது. எக்ஸ்எம்எல் பக்கத்தில் விஜிஏமெம் மதிப்பை இரட்டிப்பாக்கினால் 3,35,54,432 பைட் வரும். 3840×2160-க்குத் தேவையான 3,31,77,600 அதில் அடங்கும். இதைச் செய்வதைவிட விர்ட்டியோவுக்கு மாறுவது சுலபம்.

இப்போது பலரை அலைக்கழிக்கும் ஒரு நுணுக்கம். கெஸ்ட் எக்ஸ்எஃப்சிஈ; கார்டு சரி; ஏஜென்ட் ஓடுகிறது; மெனுவில் குறி இருக்கிறது. ஆனாலும் ஜன்னலை இழுத்தால் ஒன்றும் நடக்காது. அதே வட்டில் க்னோமை நிறுவினால் உடனே வேலை செய்யும். நடப்பது என்னவென்றால், ஜன்னலின் அளவு மாறும்போது மெய்நிகர் கார்டு, ‘மானிட்டரைக் கழற்றிப் புதிதாக மாட்டினேன், உகந்த அளவு இது’ என்று கர்னல் வழியே அறிவிக்கிறது. க்னோம் அந்த அறிவிப்பைக் கேட்டுத் தானே மாறிக்கொள்ளும்படி எழுதப்பட்டது. எக்ஸ்எஃப்சிஈ போன்ற சில டெஸ்க்டாப்கள் அறிவிப்பு வந்தாலும் பேசாமல் இருந்துவிடுகின்றன. புதிய அளவு பட்டியலில் சேர்ந்திருக்கும். அதைப் போடத்தான் ஆள் இல்லை. எக்ஸ்ரேண்டர் கட்டளையை, விர்ச்சுவல்-1 என்ற வெளியீட்டின் பெயரும் ஆட்டோ என்ற விருப்பமும் சேர்த்து ஓட்டினால் அந்தக் கணமே திரை விரியும். ஒரு விசைச் சேர்க்கைக்கு அந்த வரியைக் கட்டிவைத்துக்கொள்வது நடைமுறைக்குப் போதுமான தீர்வு. யூடெவ் விதி எழுதி முழுக்கத் தானியங்கியாக்கவும் வழி உண்டு. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஜன்னலின் அளவை மாற்றப்போகிறோம்?

விஎம்வேர், ஹைப்பர்-வி

விஎம்வேரில் சொல்ல அதிகம் இல்லை. ஓப்பன்-விஎம்-டூல்ஸ் தொகுப்பு எல்லா முக்கிய வெளியீடுகளிலும் இருக்கிறது. ஆனால் அதன் பெயரோடு ‘டெஸ்க்டாப்’ என்று முடியும் துணைத் தொகுப்பையும் போட வேண்டும். திரை அளவைக் கவனிப்பது அதுதான். அதை விட்டுவிட்டு வெறும் மூலத் தொகுப்பை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய. வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம் என்பதால், விண்டோஸ் ஹோஸ்டில் வர்ச்சுவல்பாக்ஸோடு மல்லுக்கட்டிக் களைத்தவர்கள் இதை முயன்று பார்க்கலாம்.

ஹைப்பர்-வியின் சாதாரண ஜன்னலை இழுத்து லினக்ஸின் ரெசல்யூஷனை மாற்றலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். கெஸ்டை அணைத்துவிட்டு, ஹோஸ்டில் நிர்வாகி உரிமையோடு பவர்ஷெல்லைத் திறந்து, செட்-விஎம்வீடியோ என்ற கட்டளையால் அகலத்தையும் உயரத்தையும் விதித்துவிடலாம். பழைய கர்னல்களில் ஹைப்பர்வி-எஃப்பி என்ற டிரைவரின் பெயரோடு அளவையும் சேர்த்துக் கர்னல் அளவுருவாகக் கொடுக்க வேண்டியிருந்தது, 5.14 முதல் அதற்கென நவீன டிரைவர் ஒன்றும் வந்திருக்கிறது. இழுக்க இழுக்க மாற வேண்டுமானால் எக்ஸ்ஆர்டிபி நிறுவி என்ஹான்ஸ்டு செஷன் வழியாக நுழைய வேண்டும்.

ஒட்டும் வரிகள்

இனி, ஆரம்பத்தில் தள்ளிவைத்த வரிகள். அவை பெரும்பாலும் மூன்று படிகளாக இருக்கும்: சிவிடி என்ற கட்டளையால் ஒரு மோட்லைனைக் கணக்கிடு, எக்ஸ்ரேண்டரால் அதைப் புதிய மோடாகச் சேர், பிறகு அதை இயக்கு. எக்ஸ் சர்வர் ஓடும் கெஸ்டில் இது ஒழுங்காகவே வேலை செய்யும். சிவிடியிடம் 1920, 1080 என்று கொடுத்தால் 173 மெகாஹெர்ட்ஸ் என்றும் வரிசையாக எட்டு எண்கள் என்றும் தரும். குழாய் மானிட்டர்களின் மின்கதிர் ஒரு வரியை முடித்துத் திரும்ப எடுக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கும் எண்கள் அவை. மெய்நிகர் கார்டில் கதிரும் இல்லை, திரும்பலும் இல்லை. அகலமும் உயரமும் சரியாக இருந்தால் போதும். மற்ற எண்களைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

விலை குறைந்த மடிக்கணினிகளில் பரவலாக இருந்த 1366×768 மட்டும் ஒரு வேடிக்கை காட்டும். சிவிடி அகலத்தை எட்டின் மடங்காக்கிவிடும். 1366 எட்டால் வகுபடாது. ஆகவே விடை 1368 என்று வரும், முழுத்திரையில் இரண்டு புள்ளி வெளியே தள்ளப்படும். ஒன்றும் குடிமுழுகாது. உறுத்தினால் 1360×768 வைத்துக்கொள்ளுங்கள்.

பலருக்கு இந்த வரிகள் பலிக்காமல் போவதற்குக் காரணம், எக்ஸ் சர்வருக்குப் பதிலாக வந்த வேலண்ட். எக்ஸ்ரேண்டர் எக்ஸ் சர்வரோடு பேசும் கருவி. வேலண்ட் அமர்வில் திரையின் அளவு க்னோமின் கையிலோ கேடிஈயின் கையிலோ இருக்கிறது. எக்ஸ்ரேண்டர் அங்கே பார்ப்பது பழைய நிரல்களுக்காக வைத்த ஒரு பாவனை எக்ஸ். வெளியீட்டின் பெயர் எக்ஸ்வேலண்ட் என்று தொடங்கினால் நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள், மேற்கொண்டு முயல்வது வீண். ஃபெடோரா 2016-இலும், டெபியனின் க்னோம் 2019-இலும், உபுண்டு 2021-இலும் வேலண்டை இயல்பாக்கிவிட்டன. ‘லாகின் திரையில் பல்சக்கரத்தைச் சொடுக்கி எக்ஸ்ஆர்க்கைத் தேர்ந்தெடு’ என்ற பழைய மாற்றுவழியும் மறைந்துகொண்டிருக்கிறது, உபுண்டு 25.10-இல் க்னோமுக்கு அந்த அமர்வே கிடையாது.

வேலண்டில் ஓர் அளவைத் திணிக்க வேண்டுமென்றால் கர்னலிடமே சொல்ல வேண்டும். க்ரப் திரையில் ஈ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் வீடியோ என்ற அளவுருவைச் சேருங்கள்: சமக்குறி, வெளியீட்டின் பெயர், முக்காற்புள்ளி, பிறகு அளவு. வெளியீட்டின் பெயர் பெரும்பாலும் விர்ச்சுவல்-1. இந்த நூலில் தமிழில் எழுதியிருந்தாலும் கட்டளையை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். 1600×900 என்பதில் வருவதும் பெருக்கல் குறியல்ல, எக்ஸ் என்ற சிற்றெழுத்து. இப்படிச் சேர்ப்பது அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும். தவறானால் மறுதொடக்கத்தில் மறைந்துவிடும் என்பதால், முதலில் இப்படிச் சோதித்துவிட்டுப் பிறகே க்ரப்பின் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதுங்கள். எக்ஸிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். எக்ஸ்ரேண்டரால் செய்தது லாக்அவுட்டோடு போய்விடும். நன்றாக ஓடுவதை உறுதிசெய்த பிறகே எக்ஸ்ப்ரோஃபைல் கோப்பில் சேர்க்க வேண்டும்.

டெஸ்க்டாப்பே இல்லாத கெஸ்டில், வெறும் கன்சோலின் எழுத்து மிகப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால், க்ரப்பின் ஜிஎஃப்எக்ஸ்மோட் மதிப்பை மாற்றி, ஜிஎஃப்எக்ஸ்பேலோட் என்பதைக் ‘கீப்’ என்று வையுங்கள். நானாக இருந்தால் அதைக்கூடச் செய்யமாட்டேன். ஹோஸ்டின் டெர்மினலிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியே நுழைந்தால் எழுத்தின் அளவும், வெட்டி ஒட்டும் வசதியும், பின்னோக்கி உருட்டுவதும் சேர்ந்தே கிடைக்கின்றன.

லினக்ஸ் அல்லாதவை

ஃப்ரீபிஎஸ்டிக்கு வர்ச்சுவல்பாக்ஸ் அடிஷன்ஸ் தொகுப்பு இருக்கிறது. நிறுவியதோடு நில்லாமல் ஆர்சி.கான்ஃப் கோப்பில் அதன் இரு சேவைகளையும் இயக்க வேண்டும். யூஈஎஃப்ஐ வழியே தொடங்கும் ஃப்ரீபிஎஸ்டியில், தனி டிரைவர் ஏறாதவரை, பூட் லோடர் எந்த அளவில் திரையைத் திறந்ததோ அதுவே கடைசிவரை இருக்கும். லோடர்.கான்ஃப் கோப்பில் ஈஎஃப்ஐ-மேக்ஸ்-ரெசல்யூஷன் என்ற மதிப்பால் அதன் உச்ச அளவைக் குறிப்பிடலாம். ஹோஸ்ட் பக்கத்திலிருந்தும் விபாக்ஸ்மேனேஜ் கருவியின் வழியே ஈஎஃப்ஐ கிராபிக்ஸ் ரெசல்யூஷனை விதிக்க முடியும். ஓப்பன்பிஎஸ்டிக்கு அடிஷன்ஸ் இல்லை. பட்டியலில் இருப்பதோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

ஹைக்கு இயங்குதளத்தில் அளவு சிக்கிக்கொண்டால், தொடங்கும்போது ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். வரும் மெனுவில் ஃபெயில்-சேஃப் வீடியோ மோடின் கீழ் வெசா அளவுகளின் பட்டியல் இருக்கும். அதிலும் வேண்டியது இல்லையென்றால், வர்ச்சுவல்பாக்ஸ் ஹோஸ்டில் விபாக்ஸ்மேனேஜின் செட்எக்ஸ்ட்ராடேட்டா கட்டளையால் கஸ்டம்வீடியோமோட்1 என்ற மதிப்புக்கு அகலம், உயரம், 32 என்ற வண்ண ஆழம் மூன்றையும் கொடுத்தால், அந்தப் பட்டியலில் புதிதாக ஓர் அளவு முளைக்கும். இப்படி 16 அளவுகள் வரை சேர்க்கலாம். பயாஸ் வழியே தொடங்கும் கெஸ்டுகளுக்கே இது.

பெரிதாக்கியபின் வரும் பிரச்சினை

4கே திரை உள்ள ஹோஸ்டில் எல்லாம் சரியாக வேலை செய்தால் கெஸ்ட் 3840×2160-க்கு விரியும். எழுத்துகளைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டியிருக்கும். இரண்டு வழிகள். கெஸ்டின் அமைப்பில் ஸ்கேலை 200% ஆக்கினால் எழுத்துகள் கூர்மையாகவே பெரிதாகும். அல்லது கெஸ்டை 1920×1080-இலேயே வைத்துக்கொண்டு, வர்ச்சுவல்பாக்ஸின் ஸ்கேல் ஃபேக்டரை 200% ஆக்கலாம். சற்று மங்கலாகத் தெரியும். மேக்கில் யூடிஎம் பயன்படுத்துவோருக்கு ரெட்டினா மோட் என்ற ஒரே குறி இந்த இரண்டில் எதைத் தேர்கிறோம் என்பதை முடிவு செய்கிறது.

கூர்மையானதைத் தேர்வதற்கு முன் கெஸ்டின் ‘அபவுட்’ பக்கத்தில் கிராபிக்ஸ் என்ற வரியைப் படியுங்கள். அங்கே எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் கெஸ்டுக்கு முப்பரிமாண முடுக்கம் கிடைக்கவில்லை. திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் பிராசசரே வரைகிறது. 1920×1080-இலிருந்து 3840×2160-க்குப் போனால் வரைய வேண்டிய புள்ளிகள் நான்கு மடங்காகும். மெய்நிகர் கணினிக்கு இரண்டு கோர்களைக் கொடுத்திருக்கும் நிலையில், மெனு திறப்பதே தாமதிக்கத் தொடங்கும். அப்படிப்பட்ட கெஸ்டில் முதலில் முடுக்கத்தை இயக்கிப் பாருங்கள். அது ஒத்துவராவிட்டால் 1600×900-க்கு இறங்கி, ஸ்கேல் ஃபேக்டரை ஹோஸ்ட் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.